யுனிக்ஸில் சி பழகுகிறீர்களா? திரையில் வந்த வரியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் கூடி யுனிக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு இயங்குதளத்தில் சி மொழி பழகுகிறார்கள். இரண்டு பேர் உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவர்கள். மற்றவர்கள் அதை முடித்துவிட்டுக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி என்ற தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தவர்கள். எல்லோரிடமும் ஒரே பழக்கத்தைக் கண்டேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தவுடன், அதை வாசிக்காமலே திரையைத் துடைத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். கேட்டால், "எங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவு விளங்காது அக்கா" என்பார்கள்.

இதற்கு அவ்வளவு இங்கிலீஷ் தேவையே இல்லை. ஆரம்ப மாதங்களில் வரும் எரர்களில் பெரும்பாலானவை பத்துப் பன்னிரண்டு வாசகங்கள்தான். அவையே திரும்பத் திரும்ப வரும். முதலில் பார்க்க வேண்டியது வரியின் தொடக்கம். யார் பேசுகிறார் என்பது அங்கேதான் இருக்கும். "பாஷ்:" என்று தொடங்கினால் பேசுவது ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கொமாண்டை வாங்கி ஓட்டுவது. உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் முன்னால் நின்றால், உங்கள் கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலர். "எல்டி" என்று எங்காவது தெரிந்தால், மாற்றிய துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கர், அதாவது கொம்பைலர் தன் பங்கை முடித்துவிட்டது. முன்னால் எந்தப் பெயரும் இல்லாமல் "செக்மென்டேஷன் ஃபோல்ட்" என்று மட்டும் வந்தால், புரோகிராம் ஓடத் தொடங்கி, இயங்குதளத்தின் மையமான கேர்னல் அதை இடையில் நிறுத்தியிருக்கிறது. பேசுவது யார் என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

கொமாண்டுகளை நாங்கள் வாயால் சொல்வது போலவே இங்கே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

## கொம்பைல் செய்தேன், ஒன்றுமே வரவில்லை

"பஸ்.சி" என்ற உங்கள் சி கோப்புக்கு "ஜிசிசி பஸ்.சி" என்று கொம்பைலரை அழைத்தீர்கள், அடுத்த வரியில் பேசாமல் புரொம்ட் வந்து நிற்கிறது. சரி, உங்கள் வேலை முடிந்தது. யுனிக்ஸ் பிழை வந்தால்தான் பேசும். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் இதைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவை கடதாசியில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரங்கள். வினாடிக்குப் பத்து எழுத்துத்தான் அடிக்கும். அந்த வேகத்தில் தேவையில்லாத பேச்சை யார் விரும்புவார்? அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

"எல்எஸ்" அடித்துப் பாருங்கள், "ஏ.அவுட்" என்ற கோப்பு உண்டாகியிருக்கும். வேறு பெயர் வேண்டுமென்றால் "ஜிசிசி பஸ்.சி -ஓ பஸ்". இதில் ஒரு இடத்தில் கவனம் தேவை. "-ஓ" வுக்குப் பின்னால் தவறுதலாக "பஸ்.சி" என்றே எழுதிவிடாதீர்கள். எழுதிய சி கோப்பு போய்விடும் ஆபத்து அதில் உண்டு.

## கொமாண்ட் நொட் ஃபவுண்ட்

பேசுவது ஷெல். நீங்கள் சொன்ன பெயரில் ஒரு புரோகிராமை அது தேடியது, கிடைக்கவில்லை. எங்கே தேடியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "பாத்" என்று ஒரு பட்டியல் உண்டு. ஷெல் அந்தப் பட்டியலில் உள்ள டிரெக்டரிகளில் மட்டும்தான் தேடும். நீங்கள் நிற்கும் டிரெக்டரி அதில் இல்லை. அதனால்தான் கண்ணுக்கு முன்னால் இருக்கும் "பஸ்" என்ற புரோகிராமைக்கூட "./பஸ்" என்று, புள்ளியும் சாய்கோடும் போட்டு அழைக்க வேண்டியிருக்கிறது. புள்ளி என்றால் "நான் நிற்கும் இடம்".

காணாமல் போனது "ஜிசிசி" என்றால் அது இன்னும் நிறுவப்படவில்லை. உபுண்டுவில் "சுடோ ஏபிடி இன்ஸ்டோல் பில்ட்-எசென்ஷியல்" என்றால் கொம்பைலரும், கொம்பைல் வேலையை ஒழுங்குபடுத்தும் மேக்கும் சேர்ந்து வரும். "சுடோ" என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். பாஸ்வேர்ட் கேட்கும்போது நீங்கள் அடிப்பது திரையில் விழாது, நட்சத்திரப் புள்ளிகூட வராமல் இருக்கலாம். கீபோர்டில் பிழை என்று நினைக்க வேண்டாம், அடித்து என்டர் தட்டுங்கள்.

இதன் உறவுக்காரப் பிழை ஒன்று இருக்கிறது. அதில் எரரே வராது. புரோகிராமுக்கு "டெஸ்ட்" என்று பெயர் வைத்து, "டெஸ்ட்" என்று அடிப்பார்கள். ஒன்றும் நடக்காது. கோடை எத்தனை தரம் பார்த்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் ஓடியது உங்கள் புரோகிராமே இல்லை. ஷெல்லுக்குள்ளேயே டெஸ்ட் என்று ஒரு கொமாண்ட் இருக்கிறது. அது மௌனமாக ஓடி முடிந்துவிட்டது. "டைப் டெஸ்ட்" என்று கேட்டால் ஷெல்லே அதைச் சொல்லும். ஒரு தம்பி இதில் ஒரு முழுப் பின்னேரத்தைத் தொலைத்தான். அன்றிலிருந்து எந்தப் பெயருக்கும் முதலில் "டைப்" கேட்டுவிட்டுத்தான் வைக்கிறோம்.

## பெர்மிஷன் டினைட்

முதலில் என்ன அடித்தீர்கள் என்று பாருங்கள். "./பஸ்.சி" என்று மூலக் கோப்பையே ஓட்டப் பார்த்திருந்தால் இந்த எரர்தான் வரும். அதற்குச் சிலர் "சிஎச்மொட் +எக்ஸ் பஸ்.சி" என்று அனுமதி கொடுத்து மறுபடி ஓட்டுவார்கள். அப்போது ஷெல் சி கோடைத் தன் சொந்த மொழி என்று நினைத்து வாசிக்கப் போய், அடைப்புக்குறியில் தடுக்கி "சின்டெக்ஸ் எரர்" என்று சொல்லும். அந்த எரர் ஷெல்லுடையது, கொம்பைலருடையது இல்லை. ஓட்ட வேண்டியது ஜிசிசி உண்டாக்கிய கோப்பை.

ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல் கொமாண்டுகளை எழுதி வைத்த கோப்பு என்றால் "சிஎச்மொட் +எக்ஸ்" தான் சரியான மருந்து. ஜிசிசி உண்டாக்கும் கோப்புக்கு அந்த அனுமதி தானாகவே வரும். அதற்கும் மறுப்பு வருகிறது என்றால், நீங்கள் பென் டிரைவுக்குள் நின்று வேலை செய்கிறீர்களா என்று பாருங்கள். பென் டிரைவுகள் பெரும்பாலும் ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டவை. அதில் யுனிக்ஸ் அனுமதிகளைக் குறித்து வைக்க இடமே கிடையாது. சிஎச்மொட் எத்தனை தரம் அடித்தாலும் ஒட்டாது. கோப்பை உங்கள் ஹோம் டிரெக்டரிக்கு கொப்பி செய்து அங்கே கொம்பைல் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் "சுடோ" போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பழகுகிற கோட் பிழை விடத்தான் செய்யும். அது பிழை விடும்போது கையில் வீட்டுச் சாவி முழுவதும் இருக்கக் கூடாது.

## கோப்பு இருக்கிறது, ஆனால் நோ சச் ஃபைல் என்கிறது

"எல்எஸ்" காட்டுகிறது, ஓட்டினால் இல்லை என்கிறது. எரர் வரியைக் கவனமாகப் பார்த்தால் "பாட் இன்டர்பிரெட்டர்" என்ற சொல்லும், அதன் பக்கத்தில் கூரை போன்ற குறியுடன் ஒரு "எம்" எழுத்தும் இருக்கலாம். புதிய பாஷ் பதிப்புகளில் "ரிக்வயர்ட் ஃபைல் நொட் ஃபவுண்ட்" என்று வரும்.

அந்த ஸ்கிரிப்டை யாரோ விண்டோஸில் எழுதியிருக்கிறார்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்று இரண்டு பைட் வைக்கும். யுனிக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிஞ்சிய 13 முதல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொள்ள, கேர்னல் "பாஷ்" என்ற புரோகிராமைத் தேடாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிய வேறு பெயரைத் தேடுகிறது. இல்லாதது அதுதான், உங்கள் கோப்பு அங்கேயே இருக்கிறது. "ஃபைல் ஸ்கிரிப்ட்.எஸ்எச்" என்று கேட்டால் "சிஆர்எல்எஃப்" என்று பதில் வரும். "டொஸ்2யுனிக்ஸ்" நிறுவி ஒருமுறை ஓட்டினால் சரியாகும்.

## ஜிசிசி முப்பது எரர் கொட்டுகிறது

மேலே போங்கள். முதல் எரரை மட்டும் திருத்துங்கள். மறுபடி கொம்பைல் செய்யுங்கள். ஒரு அடைப்பு விடுபட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் கொம்பைலருக்குக் குழப்பம்தான். மற்ற இருபத்தொன்பதும் அதன் எதிரொலி. எரர் காட்டும் வரியில் பிழை தெரியாவிட்டால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த நோட்ஸிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ கோடை ஒட்டியிருந்தால் "ஸ்ட்ரே" என்ற சொல்லும் 342 என்ற எண்ணும் வரும். வளைந்த மேற்கோள் குறி வந்து புகுந்திருக்கிறது என்று பொருள். சி மொழிக்கு நேரான மேற்கோள்தான் தெரியும். ஒட்டுவதை விட்டுக் கையால் தட்டினால் இந்தப் பிழையும் வராது, விரலுக்கும் மொழி பழகும்.

## அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்

வரியில் "எல்டி" இருக்கும். லிங்கர் பேசுகிறது. பெயர் தெரியும், உடல் கிடைக்கவில்லை என்பது இதன் கருத்து. "மெயின்" கிடைக்கவில்லை என்றால் எழுத்து மாறி அடித்திருப்பீர்கள். வர்க்கமூலம் காணும் "எஸ்கியூஆர்டி" கிடைக்கவில்லை என்றால் கணித நூலகத்தைச் சேர்க்கவில்லை: கொமாண்டின் கடைசியில் "-எல்எம்" போடுங்கள். கடைசியில் என்பது முக்கியம், லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது.

"ஹெடர் கோப்பை இன்க்ளூட் செய்துவிட்டேனே" என்று கேட்பார்கள். ஹெடர், கல்யாண வீட்டு அழைப்பிதழ் மாதிரி. யார் வருவார் என்று அதில் எழுதியிருக்கும். ஆள் வந்து சேர வேண்டியது லிங்கரின் வேலை. இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. இரண்டின் வர்க்கமூலம் என்று நேரடியாக எண்ணைக் கொடுத்தால் "-எல்எம்" இல்லாமலே வேலை செய்யலாம், ஏனென்றால் ஜிசிசி கொம்பைல் செய்யும்போதே விடையைக் கணக்குப் பார்த்து எழுதிவிடுகிறது. மாறியைக் கொடுத்தவுடன் எரர் வருகிறது. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## மேக்: மிஸ்ஸிங் செப்பரேட்டர்

எண் குறிப்பிட்ட வரியில் ஸ்பேஸ் இருக்கிறது, டாப் இருக்க வேண்டும். 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியபோது வைத்த விதி இது. சில வாரங்களில் ஏறக்குறைய ஒரு டசின் பேர் அதைப் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொல்லை கொடுக்க மனமில்லாமல் அவர் அதை மாற்றாமல் விட்டார். "கேட் -ஏ மேக்ஃபைல்" என்று அடியுங்கள், ஏ பெரிய எழுத்து. டாப் இருக்கும் இடத்தில் கூரைக்குறியும் ஆங்கில "ஐ" எழுத்தும் தெரியும்.

## டெர்மினல் அப்படியே நிற்கிறது

நான்கு காரணங்களைப் பார்த்திருக்கிறேன். கூடுதலாக வருவது, புரோகிராம் "ஸ்கான்எஃப்" இல் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பது. அதற்கு முன் ஒரு "பிரின்ட்எஃப்" போட்டு என்ன வேண்டும் என்று கேட்க வையுங்கள். இன்புட் முடிந்தது என்று சொல்லக் கன்ட்ரோல்-டி.

இரண்டாவது, முடிவில்லாத லூப். கன்ட்ரோல்-சி.

மூன்றாவது, விண்டோஸ் ஞாபகத்தில் சேவ் செய்யக் கன்ட்ரோல்-எஸ் அழுத்துவது. டெர்மினலில் அது "திரையை நிறுத்து" என்ற கட்டளை. கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் விடுபடும். இதற்காகக் கணனியையே ஓஃப் செய்த பிள்ளைகள் உண்டு.

நான்காவது, கன்ட்ரோல்-இஸட். புரோகிராம் போய்விட்டது போல் தெரியும், ஆனால் "ஸ்டொப்ட்" என்று பின்னால் உறங்கிக்கொண்டிருக்கும். "எஃப்ஜி" என்று கூப்பிட்டால் திரும்ப வரும்.

## செக்மென்டேஷன் ஃபோல்ட், ஸ்டாக் ஸ்மாஷிங்

பிள்ளைகள் மனம் உடைவது இங்கேதான், அதனால் ஆறுதலாகப் பார்ப்போம். உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டீர்கள், கேர்னல் நிறுத்திவிட்டது. அவ்வளவுதான். ஓடி நின்றவுடன் "எக்கோ" போட்டு டாலர் குறி, கேள்விக்குறி அடியுங்கள். 139 வந்தால் அது 128உம் 11உம். 11 என்பது இந்தக் குற்றத்துக்கான சிக்னல் எண்.

ஒரு தங்கச்சி காலி வீதியில் ஓடும் பஸ்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் எழுதினாள். இடப் பெயருக்குப் பத்து இடம் கொண்ட "சார்" அரே. ஆங்கிலத்தில் கொலம்போ என்று கொடுத்தால் ஏழு எழுத்து, முடிவுக்கு ஒரு பூச்சியம், மொத்தம் எட்டு, நன்றாக ஓடியது. தமிழில் "கொழும்பு" என்று கொடுத்தாள். "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்" என்று விழுந்தது. "நாலு எழுத்துத்தானே அக்கா" என்றாள்.

நம் கண்ணுக்கு நாலு. யூனிகோடில் கொ என்பது க, அதன் குறி என இரண்டு, ழு இரண்டு, ம் இரண்டு, பு இரண்டு. ஆக எட்டு. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எட்டு மூன்று இருபத்துநாலு, முடிவுப் பூச்சியத்தோடு 25. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் 25 பேரை ஏற்றினால் பக்கத்து வீட்டுச் சுவர் இடியும். "வெள்ளவத்தை" கண்ணுக்கு ஆறு எழுத்து, உள்ளே முப்பது பைட். நீளம் சொல்லும் "எஸ்டிஆர்லென்" எண்ணுவது பைட்டை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆங்கில உதாரணமும் காட்டாது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பெயர்களைப் போட்டே பழக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அப்புறம், "ஸ்கான்எஃப்" இல் வெறும் எஸ் போடாமல் அளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது "எஃப்கெட்எஸ்" பாவிக்க வேண்டும்.

மற்றக் காரணங்கள் பழையவை. "ஸ்கான்எஃப்" இல் மாறிக்கு முன்னால் அம்பர்சான்ட் குறியை விடுவது, பத்து இடம் உள்ள அரேயில் (0 முதல் 9 வரை) 10 என்ற சுட்டெண்ணைத் தொடுவது, எங்கும் காட்டாத பொயின்டரைத் திறப்பது. இவற்றில் முதலாவதைக் கொம்பைலரே சொல்லிவிடும், நீங்கள் கேட்டால். எப்போதும் "ஜிசிசி -ஜி -வோல்" என்றே கொம்பைல் செய்யுங்கள். வோலில் முதல் எழுத்து டபிள்யூ, அது பெரியது. வோர்னிங்கை எரராகவே மதியுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பிழை தேடும் கருவி: "ஜிடிபி ./பஸ்". உள்ளே "ரன்", விழுந்தவுடன் "பிடி". எந்த வரியில் விழுந்தது, அந்த ஃபங்ஷனை யார் அழைத்தது என்று வரிசையாக வரும். அதில் உங்கள் கோப்பின் பெயர் உள்ள முதல் வரியைப் பிடியுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கொம்பைல் செய்யும்போது "-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்" சேர்த்து ஓட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பிரின்ட்எஃப்" போட்டுத் தேடுகிறவர்கள் கடைசியில் புதுவரிக் குறி போட மறந்தால், எழுத்து இன்னும் பஃபரில் (அச்சிடும் முன் சேர்த்து வைக்கும் இடத்தில்) நிற்கும்போதே புரோகிராம் இறந்துவிடும். திரையில் வராததால் அந்த வரிக்கு முன்னமே விழுந்தது என்று பிழையாக முடிவு கட்டுவீர்கள். வெளியீட்டை பைப்பிலோ கோப்பிலோ விட்டால் புதுவரிகூட உதவாது. தேடும் செய்திகளை எரர்களுக்கான வெளியீடான "எஸ்டிடிஎர்" இல் அச்சிடுங்கள், அது காத்திருக்காது.

## கரண்ட் போய் வந்தது, விம் ஏதோ கேட்கிறது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. பட்டரி செத்த பழைய லாப்டொப் வைத்திருப்பவர்களுக்கு இப்போதும் ஒரு நிமிட வெட்டு போதும். கோட் எழுதும் எடிட்டரான விம்மைத் திரும்பத் திறந்தால் ஈ325 என்று ஒரு பெரிய அறிவிப்பு. பலர் பயந்து "டிலீட்" கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள், உங்கள் வேலை அதற்குள்தான் இருக்கிறது.

விம் நீங்கள் தட்டுவதை, புள்ளியில் தொடங்கும் ஒரு ஸ்வாப் கோப்பில் குறித்துக்கொண்டே வரும்: 200 எழுத்துக்கு ஒரு தரம், அல்லது நாலு வினாடி கை ஓய்ந்தால். ஆகவே "ரிகவர்" என்பதற்கு ஆர் அழுத்துங்கள். வந்ததை வேறு பெயரில் சேமித்து, பழைய கோப்போடு "டிஃப்" போட்டுப் பாருங்கள். சரியென்று கண்ட பிறகு ஸ்வாப் கோப்பை நீக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தரமும் கேட்கும். இன்னொரு டெர்மினலில் அதே கோப்பு திறந்திருந்தாலும் இதே அறிவிப்புத்தான் வரும் என்பதால் அதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சோர்ட் செய்தேன், கோப்பு வெறுமையாகிவிட்டது

"சோர்ட் பஸ்.டிஎக்ஸ்டி" என்று எழுதி, வலப்பக்க அம்புக்குறி போட்டு, அதே கோப்பின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். சோர்ட் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து வெறுமையாக்கிவிடும். சோர்ட்டுக்குக் கிடைத்தது வெறும் கோப்பு. திரும்பப் பெற வழி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே கோப்பில் எழுத "சோர்ட் -ஓ" இருக்கிறது. "செட் -ஓ நோக்ளொபர்" என்று வைத்துவிட்டால், இருக்கும் கோப்பின் மேல் அம்புக்குறி எழுத ஷெல் மறுத்துவிடும். பழகுகிற காலத்துக்கு இது நல்லது.

பஸ் எண்கள் 1, 100, 101, 138, 2 என்று வரிசையாகின்றனவா? எழுத்தாக ஒப்பிடுகிறது. "-என்" சேருங்கள்.

## திகதி 1970 ஜனவரி 1 என்று காட்டுகிறது

அதுவும் காலை 5.30 என்று. யுனிக்ஸ் நேரத்தை அந்த நாளின் கிரீன்விச் நள்ளிரவிலிருந்து வினாடிகளாக எண்ணுகிறது. கொழும்பு அதற்கு ஐந்தரை மணிநேரம் முன்னால். உங்கள் மாறியில் பூச்சியம் இருக்கிறது, "டைம்" ஐ அழைத்து நிரப்பவில்லை என்பதே இதன் பொருள்.

## மேலே எதிலும் பொருந்தவில்லை

யுனிக்ஸின் கையேடான "மேன்" பக்கத்தைப் பாருங்கள், ஆனால் எண்ணோடு. வெறும் "மேன் பிரின்ட்எஃப்" ஷெல் கொமாண்டின் பக்கத்தைத் திறக்கும்; சி ஃபங்ஷனுக்கு "மேன் 3 பிரின்ட்எஃப்". அதிலும் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்கும்போது போனில் திரையைப் படமெடுத்து அனுப்பாதீர்கள், பெரும்பாலும் முதல் எரர் அதில் வெட்டுப்பட்டிருக்கும். "ஜிசிசி -ஜி -வோல் பஸ்.சி" என்பதன் பின்னால் 2ஐயும் அம்புக்குறியையும் இடைவெளியில்லாமல் போட்டு "எரர்.டிஎக்ஸ்டி" என்று கொடுத்தால், எரர்கள் முழுவதும் அந்தக் கோப்பில் போய் விழும். அதையும், பிழை வரும் மிகச் சிறிய கோடையும், நீங்கள் அடித்த கொமாண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.